புதிதாய் இயேசுவிடம் வந்தவருக்கு: தோட்டத்து வீட்டில் முதல் ஒரு வருடம்

ஞாயிறு ஆராதனையில் முன்னால் போய் ஜெபித்துவிட்டீர்கள். பாஸ்டர் கை வைத்து ஜெபித்தார், நீங்களும் அழுதீர்கள், மனசு லேசானது. திங்கட்கிழமை காலையில் அதே வீடு, அதே ஆட்கள், அதே கடன். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் மோட்டார் சைக்கிளில் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி உங்களுக்கு முன்னாலேயே போயிருக்கும்.

இந்த வழிகாட்டி, தோட்டத்திலோ பக்கத்துத் தாமானிலோ (வீடமைப்புப் பகுதியிலோ) இருந்துகொண்டு, குடும்பத்தில் தான் ஒருவர் மட்டும் கிறிஸ்துவிடம் வந்திருக்கிறவருக்காக எழுதியது. குடும்பமாய் வந்தவர்களுக்குச் சில பகுதிகள் தேவைப்படாது. "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்" என்று 2 கொரிந்தியர் 5:17 சொல்கிறது. அந்தப் புதுமையை முதலில் பார்க்க வேண்டியவர்கள் சபையார் இல்லை, உங்கள் வீட்டார். இரண்டாவதாக, உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள். மேடையில் சாட்சி சொல்வது அதற்கப்புறம் வரட்டும். நான் எழுதியிருக்கும் வரிசையும் அதுதான்.

முதல் வாரம்: வீட்டில் சொல்வது

அம்மா அப்பாவுக்கு விஷயம் உங்கள் வாயால்தான் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தால் அது அவர்களுக்கு அவமானமாகிவிடும், பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. தீபாவளிக்கு முந்தின வாரமோ, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகோ இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். சாதாரண நாளில், சாப்பிட்ட பிறகு, டிவியை அணைத்துவிட்டுச் சுருக்கமாய்ச் சொல்லுங்கள்: "அம்மா, நான் இயேசுவைக் கும்பிட ஆரம்பிச்சிருக்கேன். உங்களை விட்டு எங்கேயும் போகலை. மாசாமாசம் கொடுக்கிற காசும் நிக்காது." கடைசி வரி முக்கியம். நிறைய அம்மாக்களின் பயம் அங்கேதான் இருக்கிறது, வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பெரியப்பாவோ தாய்மாமாவோ குடும்பத்தில் பெரிய மனிதராய் இருந்தால், அதே வாரத்தில் அவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வாதம் பண்ணாதீர்கள். "வெள்ளைக்காரன் மதம்" என்று மாமா சொல்வார். தரங்கம்பாடியில் 1715-லேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது என்று பதில் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பதிலால் ஒன்றும் ஆகாது. பிசாசு பிடித்து நீங்கின மனிதன் இயேசுவோடேயே வந்துவிடுகிறேன் என்று கேட்டபோது, உன் வீட்டுக்குப் போய் உன் ஜனங்களிடம் சொல்லு என்றுதான் அவர் அனுப்பினார் (மாற்கு 5:19). வீட்டை விட்டுக் கிளம்பு என்றில்லை.

சாமி மேடையைத் தொடாதீர்கள். அது உங்கள் அம்மாவுடையது. படத்தை எடுத்து எறிந்துவிட்டு அதைச் சாட்சியாய்ச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், அந்த அம்மா மட்டும் அதற்கப்புறம் சபைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. உங்கள் சொந்த அறையில், உங்கள் சொந்தப் பொருளில் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கணவரோ மனைவியோ விசுவாசத்தில் இல்லையென்றால், அவர் சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரியக்கூடாது என்பது பவுலின் சொல் (1 கொரிந்தியர் 7:12-13). ஆனால் அடி உதை வாங்கிக்கொண்டு இருப்பதற்கு அந்த வசனத்தை யாராவது காட்டினால் கேட்காதீர்கள். குடும்ப வன்முறைக்கு எதிராய் 1994-இலிருந்தே சட்டம் இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

பேர் மாற்ற வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். முனியாண்டி முனியாண்டியாகவே பரலோகம் போகலாம். மைகார்டிலும் (அடையாள அட்டையிலும்) நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதே பிரிவின் நான்காவது உட்பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. புது உற்சாகத்தில் வேலையிடத்து மலாய் நண்பரிடம் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டிவிட்டு, உங்களையும் சபையையும் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். மற்ற மதத்துச் சாமிகளைக் கிண்டல் பண்ணும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வேண்டாம். அது சட்டத்துக்கும் ஆகாது, சொந்தக்காரர்களையும் புண்படுத்தும்.

வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும்

மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், மெதுவாய்ப் போனாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அடுத்து யோவான். கூடவே ஒரு நாளைக்கு ஒரு நீதிமொழிகள் அதிகாரம்; 31 இருப்பதால் தேதியைப் பார்த்தே வாசித்துக்கொள்ளலாம். வெளிப்படுத்தின விசேஷத்தை முதல் வருடம் விட்டுவிடுங்கள். அதை வைத்துத்தான் யூடியூபில் ஆளைக் குழப்புகிறார்கள்.

சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ், மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பாதி புரியாது. வெட்கப்பட ஒன்றுமில்லை. எளிய தமிழில் மொழிபெயர்ப்புகள் உண்டு, போனில் இலவசமாய்க் கிடைக்கும். மலாயில் வாசிப்பது சுலபமென்றால் அதில் வாசியுங்கள். தமிழே வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டிகளுக்கு ஒலி வடிவத்தைப் போட்டுவிடலாம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. "அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஜெபி" என்று ஈப்போவிலிருந்து வரும் பிரசங்கியார் சொல்லிவிட்டுப் போவார். நீங்கள் இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவராகவோ, பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் காவலாளியாகவோ இருக்கலாம். வேலை முடிந்து குளித்த பிறகு பத்து நிமிஷம், தினமும். அது போதும். பெரிய வார்த்தைகளும் வேண்டாம். முதலாளியிடம் முன்பணம் கேட்கத் தெரிந்தவருக்கு ஆண்டவரிடமும் பேசத் தெரியும்.

சபையைத் தேர்ந்தெடுப்பது

நம் பக்கத்து ஊர்களில் மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், அசெம்பிளிஸ் ஆஃப் காட், கடைவீட்டு மாடியில் கூடும் தனிச் சபைகள் என்று பலவகை உண்டு. முதலில் உங்களை அழைத்துப்போனவரின் சபையிலேயே இருந்து பாருங்கள். மாதம் ஒரு சபை மாற்றுவது நல்லதில்லை. அங்கே தங்கலாமா என்று முடிவு செய்ய, பிரசங்கத்தைவிட இவற்றைக் கவனியுங்கள்.

காணிக்கைக் கணக்கை வருடத்தில் ஒரு தடவையாவது சபைக்கு வாசித்துக் காட்டுகிறார்களா? பாஸ்டரிடம் "இது சரியில்லை" என்று சொல்லக்கூடிய மூப்பர் யாராவது இருக்கிறாரா? கல்யாணப் பேச்சு வரும்போது சாதி கேட்கிறார்களா? கேட்டால், கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்னும் கலாத்தியர் 3:28-ஐ அவர்கள் பிரசங்கிப்பதில் பொருளில்லை. நோய்க்கு ஜெபிக்கும்போது மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். இனிப்பு நீருக்கும் (நீரிழிவுக்கும்) இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் மருந்து கிடைக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

தசமபாகம் பற்றிக் கேட்பீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பத்தில் ஒன்று 170. வாடகை, பிள்ளைகள் பள்ளிச் செலவு, கடன் தவணை எல்லாம் போக அது முடிகிறவர் கொடுக்கட்டும். முடியாதவர் முடிந்ததை, வருத்தமில்லாமல் கொடுக்கட்டும். 2 கொரிந்தியர் 9:7 அப்படித்தான் சொல்கிறது. கடன் வாங்கிக் காணிக்கை போடக்கூடாது. "விதை விதைத்தால் நூறு மடங்கு" என்று உங்கள் சம்பளக் கவரைக் குறிவைத்துப் பேசுகிறவரிடம், கவரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டு, தாலி, பூ விஷயத்தில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு. சிலர் எடுக்கச் சொல்வார்கள், பல தமிழ்ச் சபைகளில் சிலுவை போட்ட தாலியே கட்டுகிறார்கள். பொட்டை அழித்ததால் இரட்சிப்படைந்தவர் யாருமில்லை. கணவர் மனம் புண்படும் என்றால் அவசரப்படாதீர்கள்.

வீட்டுச் சடங்குகள்: எதில் நிற்பது, எதில் விலகுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இதில் எல்லாப் பாஸ்டர்களும் ஒரே பதிலைச் சொல்வதில்லை என்பதையும் முன்னமே தெரிந்துகொள்வது நல்லது.

சாப்பாடு சுலபமான விஷயம். பக்கத்து வீட்டுத் தீபாவளி முறுக்கையும் அத்தை வீட்டுப் பொங்கலையும் நன்றி சொல்லிச் சாப்பிடுங்கள். படைத்த பிரசாதம் என்று சொல்லிக் கொடுத்தால்? பவுல் 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய இரண்டு அதிகாரங்களில் இதையே பேசுகிறார். கொரிந்துவும் கோயில் நிறைந்த ஊர். விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆனால் பார்க்கிறவன் மனச்சாட்சி இடறும் என்றால் சாப்பிடாதே என்பது சுருக்கம். "வேணாம் அத்தை, காபி கொடுங்க" என்று சிரித்துக்கொண்டு சொல்லலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால், சாப்பிடாததற்குக் கிடைக்கும் பலனும் போய்விடும்.

நேர்த்திக்கடன் இதைவிடக் கஷ்டம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாய் நேர்ந்துகொண்டீர்கள், பிறகு கிறிஸ்துவிடம் வந்துவிட்டீர்கள். செலுத்தாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ராத்திரியில் வரும். அந்தப் பயத்தை மறைக்காதீர்கள், பாஸ்டரிடம் அப்படியே சொல்லுங்கள். பிள்ளையைக் காக்கிறவர் யார் என்பதில்தான் உங்கள் விசுவாசமே இருக்கிறது, அதனால் காவடி எடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் வீட்டில் உங்கள் மாமியார் அந்த நேர்த்தியை நம்பிக்கொண்டிருப்பார். பிள்ளைக்கு அடுத்த காய்ச்சல் வந்தால் பழி உங்கள் மேல் விழும், அதைத் தாங்கத் தயாராக இருங்கள். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். "விடுதலை ஜெபத்துக்கு" இத்தனை வெள்ளி என்று கட்டணம் சொல்கிறவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்பா இறந்துபோனால்? மூத்த மகன் நீங்கள். கொள்ளி யார் வைப்பது என்ற கேள்வி சடலத்தைச் சுற்றி நின்றுகொண்டு தீர்க்கிற கேள்வியில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும்போதே பெரியப்பாவிடம் தனியாகப் பேசிவிடுங்கள்: "நான் இன்னின்னது செய்வேன், இது மட்டும் என்னால் முடியாது, தம்பி செய்யட்டும்." செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ராத்திரி கண்விழிப்பது, இறப்பைப் பதிவு செய்வது, பந்தல், நாற்காலி, சாப்பாட்டுச் செலவு, தோள் கொடுத்துத் தூக்குவது, பதினாறாம் நாள்வரை அம்மாவை விட்டு நகராமல் இருப்பது. இவ்வளவையும் செய்த மகன் ஒரு சடங்கில் விலகி நின்றால் ஊர் முணுமுணுக்கும், ஆனால் மன்னித்துவிடும். சாவு வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து, சடங்கு நேரத்தில் வெளியே போய் நிற்கிறவனை மன்னிக்காது. மன்னிக்க வேண்டியதும் இல்லை.

சரி, அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னால்? முட்டி வலியோடு இருக்கும் அம்மாவைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவது பாவம் என்று சொல்கிறவர்களுக்கு, சீரிய சேனாதிபதி நாகமானை நினைவுபடுத்துவேன். ராஜாவைத் தாங்கிக்கொண்டு ரிம்மோன் கோயிலில் குனிய வேண்டியிருக்குமே, அதை மன்னிக்க வேண்டும் என்று அவன் கேட்டான். "சமாதானத்தோடே போ" என்றுதான் தீர்க்கதரிசி எலிசா சொன்னார் (2 இராஜாக்கள் 5:19). எலிசா சுலபத்தில் விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை.

பழைய கணக்குகள்

வரி வசூலித்த சகேயு, இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டவுடன் செய்தது பணக் கணக்கைத் தீர்த்தது: ஏமாற்றினதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். நமக்கு நாலு மடங்கு முடியாது, வாங்கினதையாவது கொடுப்போம். ஒரு நோட்டு எடுத்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். சாமான் கடைப் பாக்கி, அண்ணனிடம் கைமாற்று, வங்கி, ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்), எல்லாம். சின்னக் கடன்காரர்களிடம் நேரில் போய், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லுங்கள். ஐம்பது வெள்ளியானாலும் சரி, தேதி தவறக்கூடாது. ஊர் உங்கள் மாற்றத்தை முதலில் நம்புவது அந்தக் கடைக்காரர் வாய்மூலம்தான்.

வங்கிக் கடன், கிரெடிட் கார்டு தலைக்குமேல் போயிருந்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. தவணையை மாற்றி அமைக்க வங்கியோடு அவர்களே பேசுவார்கள். ஆலோங் கடனை அவர்கள் தீர்க்க மாட்டார்கள். மிரட்டல் வந்தால் போலீஸில் புகார் செய்யுங்கள், குடும்பத்திடமும் மறைக்காதீர்கள். கூட்டுப் பணம் (சீட்டு) நடத்துகிறவராக இருந்தால், நடப்பதை முடித்து எல்லாருக்கும் பணம் சேர்ந்த பிறகு நிறுத்திவிடுங்கள். அது 1971-இலிருந்தே சட்டத்துக்குப் புறம்பு. சபைக்குள்ளேயே சில அக்காமார் நடத்துவதுண்டு என்பதற்காக அது சரியாகிவிடாது.

நாலு நம்பர் லாட்டரி புதனிலும் சனியிலும் ஞாயிறிலும் குலுக்கல். ஆராதனை முடிந்து நேராய் நம்பர் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கனவில் வந்த வசனத்தின் எண்ணை எழுதுகிறவர்களும் உண்டு! நிறுத்துவதற்கு ஒரு வழி, அந்தக் காசை எழுதும் நாளிலேயே கடன் நோட்டுக் கணக்கில் போட்டுவிடுவது.

குடி பற்றிக் கவனமாய்ச் சொல்ல வேண்டும். பல வருடமாய்த் தினமும் அதிகமாய்க் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம் மட்டுமல்ல, வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆகவே நிறுத்துகிற முடிவோடு முதலில் டாக்டரிடம் போங்கள். பிறகு சம்பள நாள் சாயங்காலத்தில் உங்களோடு இருக்க சபையிலிருந்து ஒரு அண்ணனை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வழுக்கி விழுவது பெரும்பாலும் அந்தச் சாயங்காலம்தான்.

வேலையில்: செம்பனையின் உதிரிப் பழத்தை மூட்டை கட்டி வெளியே விற்பது, வெட்டாத குலையைக் கணக்கில் எழுதச் சொல்லி மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) தண்ணி வாங்கிக் கொடுப்பது, ஷிப்டில் தூங்கிவிட்டு ரோந்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது. "எல்லாரும் செய்றதுதானே" என்று இத்தனை நாள் செய்தோம். எபேசியர் 4:28-இல் பவுல் திருடுகிறவனைத் திருடாதே என்று சொல்வதோடு விடவில்லை. உழைத்துச் சம்பாதித்து இல்லாதவனுக்குக் கொடு என்கிறார். உடன் வேலைசெய்யும் வங்காளதேசத் தம்பிக்குச் சம்பளம் தாமதமானால் அரிசி வாங்கிக் கொடுப்பது அதில் வரும்.

கல்யாணப் பதிவு

பலருக்கு இது தர்மசங்கடமான விஷயம், ஆனால் ஞானஸ்நானத்துக்கு முன் பெரும்பாலான சபைகள் கேட்கும். கோயிலில் தாலி கட்டி, பிள்ளைகளும் இருந்து, பதிவு மட்டும் செய்யாத ஜோடிகள் தோட்டத்தில் நிறையவே உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர் திருமணம் பதிவானால்தான் செல்லும். தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பித்து, 21 நாள் அறிவிப்புக்குப் பிறகு பதியலாம். பாஸ்டர் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டிருந்தால் அவரே பதிவார். எல்லாப் பாஸ்டருக்கும் அந்த அதிகாரம் இல்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்வதால் இதுவரை வாழ்ந்த வாழ்க்கை அசிங்கம் என்று அர்த்தமில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நாளைக்கு இபிஎப் (சேமநிதி) பணத்திலும் வீட்டிலும் உரிமை கேட்க வழி வேண்டுமே.

ஞானஸ்நானம்

அவசரமும் வேண்டாம், வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் வகுப்பு நடத்தி, வழக்கமாய் ஈஸ்டர் முந்தின இரவுத் திருவிழிப்பில் திருமுழுக்குக் கொடுப்பார்கள். மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளில் தண்ணீர் தெளிக்கலாம், ஊற்றலாம். பெந்தெகொஸ்தேக்காரர்கள் முழுக்கு, சில சபைகள் ஆற்றுக்கே கூட்டிப்போகும். நாள் குறித்தவுடன் அம்மாவை அழையுங்கள். வராவிட்டாலும் அழைத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியட்டும். வந்தால் முன் வரிசையில் உட்காரவைத்து, சாட்சி சொல்லும்போது "இருட்டில் இருந்தேன், பிசாசை வணங்கினேன்" என்று அவர் எதிரே பேசாதீர்கள். உங்களை வளர்த்த வீடு அது. என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லுங்கள்: குடி நின்றது, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன், கடனில் இவ்வளவு அடைத்தேன்.

மறுபடி விழுந்தால்

விழுவீர்கள். சம்பள நாளில் ஒரு தடவை, அண்ணனோடு சண்டையில் ஒரு தடவை. அந்த ஞாயிறு சபைக்குப் போக வெட்கமாய் இருக்கும், இரண்டு வாரம் போகாமல் விட்டால் மூன்றாவது வாரம் போகவே தோன்றாது. அதனால் விழுந்த அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். ஊர் முழுக்கப் பரப்பாத, உங்களைவிட வயதில் மூத்த ஒரு விசுவாசி. அவர் யார் என்பதை இப்போதே, விழுவதற்கு முன்னாலேயே முடிவு செய்து, அவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் நம்பர் போனில் இருக்கட்டும். யாரிடமாவது சண்டை போட்டிருந்தால் அடுத்த ஆராதனைக்கு முன் அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிடுங்கள். மத்தேயு 5:23-24 காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது, ஆராதனைக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார்.